நீ நடந்து பார்த்த கம்பளி ஊர்

காஜா பேராங், மலாக்கா.
தை மாதம் 10, செவ்வாய்க்கிழமை, 1962.

முருகன் துணை.

அன்பு மகன் சிரஞ்சீவி கலியாணசுந்தரத்துக்கு அப்பா நல்லையா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி கோகிலாவும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், இதற்குப் பெயர் நலம் என்றால் நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் அது பொய், ஆவல் என்பது நல்ல நாளில் எழுதுகிற சொல், எனக்கு இப்போது இருப்பது பயம். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் அவன் நம் வீட்டில் நின்றுவிடக்கூடாதே என்று இருக்கிறது, அவன் நிற்காமல் போனால் அதைவிட மோசமாக இருக்கிறது. நாங்கள் அடித்த தந்தி கிடைத்ததா? கிடைத்தும் பதில் போடாமல் இருக்கிறாயா, அல்லது போட முடியாமல் இருக்கிறாயா? நீ தனியாக ஒரு நாள் முழுவதும் நடந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாயே பிராட்போர்ட், அந்த ஊரில் பெரியம்மை கண்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அது உன்னைத் தொட்டதா இல்லையா என்பது ஒன்றுதான் இந்த வீட்டில் பேச்சு, மற்றதெல்லாம் நின்றுபோயிற்று. தந்தியில் நாலு சொல்லுக்கு மேல் வைக்க முடியவில்லை, அதைப் படித்துவிட்டு அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூட நீ நினைத்திருப்பாய். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், நடுவில் திட்டினாலும் படித்து முடி.

உன் கடிதம் போகிக்கு முந்தின நாள் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொன்னால் புரியாது. பெண்டஹாரா சாலைக் கடையில் சூட்டுத் துணியை விரித்துக் காட்டும்போதெல்லாம் துணியின் கரையில் நெய்திருக்கும் அந்த ஊர்ப் பெயரைத்தான் விரலால் தொட்டுக் காட்டி விற்றுக்கொண்டிருக்கிறேன், ஊர் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. லீட்ஸில் நெசவுத் தொழில் படிக்கிறவன் பக்கத்தில் இருக்கிற கம்பளி ஊரை ஒருமுறை போய்ப் பார்த்து எழுதக்கூடாதா என்று கேட்டதும் நான்தான். நீயும் மறுக்காமல் சனிக்கிழமை பஸ் ஏறிப் போயிருக்கிறாய். கூட வருவதாகச் சொன்ன பையன் சளி என்று படுத்துவிட்டதால் தனியாகவே போனேன், தனியாக நடப்பதும் நன்றாகத்தான் இருந்தது, நின்ற இடத்தில் நிற்கலாம், யாரும் அவசரப்படுத்தவில்லை என்று எழுதியிருந்தாய். கட்டடமெல்லாம் மஞ்சள் கல்தான், ஆனால் புகை படிந்து அடுப்புச் சட்டியின் அடிப்பாகம் போலக் கறுத்துக் கிடக்கிறது என்றும், நகர மண்டபத்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்ததில் தொப்பி விழுந்துவிட்டது என்றும், கம்பளி ஏலம் போடுகிற கட்டடத்தின் வாசலில் நின்று அப்பாவை நினைத்துக்கொண்டேன் என்றும் எழுதியிருந்தாய். எந்தத் தெருவில் திரும்பினாலும் மேடு, நம் செயின்ட் பால் மலையை நாலு தடவை ஏறி இறங்கினதுபோல் கால் வலித்தது, ஒரு மில்லின் புகைபோக்கியைப் பிடித்துவிடலாம் என்று அதையே பார்த்து நடந்தால் அது கிட்டே வரவே இல்லை என்று நீ எழுதியதைப் படித்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போனேன். முதலாளி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். தையல்காரர் அப்பாசாமி கையில் வாங்கிப் பார்த்தார், கல்லாவில் இருக்கிறவர் பார்த்தார், துணி எடுக்க வந்த ஒரு வாத்தியார்கூட வாங்கிப் படித்துவிட்டு உங்கள் மகனுக்கு நல்ல எழுத்து என்றார். ஆளாளுக்குக் கைமாறி வந்த கடிதத்தை ராத்திரி கோகிலா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள். மறுநாள் போகி. காலையில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசித்தபோது நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே பிராட்போர்ட் நகரில் பெரியம்மை பரவியிருக்கிறது, மக்கள் அம்மை குத்திக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னார்கள். அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அம்மா கையைக்கூடத் துடைக்காமல் வந்து, அந்த ஊருதானேங்க, சுந்தரம் போய்ட்டு வந்தான்னு நேத்து படிச்சீங்களே அந்த ஊருதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு அந்த நிமிஷம் பயம் வரவில்லை என்பதுதான் உண்மை. கப்பல் ஏறுவதற்கு முன்னால் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மை குத்தி, மஞ்சள் அட்டையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியது அவள்தானே, நான் கடையில் இருந்தேன். குத்தினவனை அது தீண்டாது, சும்மா கிட என்று அவளை அதட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. துருவிய தேங்காயை மூடி வைத்துவிட்டாள், அடுப்பில் தாளிப்பது கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறுவது கிடையாது என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டாள். உன் கட்டிலை உதறி, புது வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, நீ விட்டுப்போன வெள்ளைச் சட்டையை நீ படுத்திருக்கிற மாதிரி நீளமாக வைத்து, பக்கத்தில் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் வைத்திருக்கிறாள். ஆள் அங்கே கிடக்கிறபோது கட்டிலுக்கு எதற்கடி இதெல்லாம் என்று கத்தினேன். எங்க இருந்தா என்ன, ஆத்தா வந்தா புள்ளயத் தேடி அவன் பொறந்த வீட்டுக்கும் வருவா, வீடு சுத்தமா இருந்தா கோவம் தணிஞ்சு போயிடுவா என்றாள். எனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே, அதனால் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நாகம்மா வந்திருக்கிறாள். போகி அன்று அவர்கள் மலாக்காச் செட்டிகள் வீட்டில் முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற பார்ச்சு உனக்குத் தெரியும், படைத்தபிறகு நமக்கு ஒரு பங்கு கொண்டுவந்து கொடுப்பதும் தெரியும். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கேட்டில் வேப்பிலையைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்தக் காலத்தில் இந்தக் கம்போங்கில் அம்மை வந்து பட்ட பாடு அவர்கள் வீட்டிலும் ஒரு கதையாக இருக்கிறது. வெளியில் நின்றபடியே மலாயில் சாப்பா சாக்கிட், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா அனா சாயா, என் பிள்ளைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, படைத்த சாப்பாட்டையும் வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். அம்மையின் பெயரைச் சொன்னால் அது உன்னை வந்து பிடித்துக்கொள்ளுமாம், அதனால் அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. நாகம்மா எட்டிப் பார்த்தாளோ என்னவோ, உன் அறையில் விளக்கு எரிந்திருக்கிறது, கட்டிலில் வெள்ளையாக ஏதோ நீளமாகக் கிடந்திருக்கிறது. அவ்வளவுதான். இங்கிலாந்துப் பிள்ளை அம்மையோடு திருட்டுத்தனமாகத் திரும்பி வந்துவிட்டான், பின்னறையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கோயில்வரை போய்விட்டது பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாள் பொங்கல். காஜா பேராங் முழுவதும் பொங்கலோ பொங்கல் என்று சத்தம், நம் வீட்டில் பானை கவிழ்த்தபடி இருந்தது. ஆத்தா வந்திருக்கிற வீட்டில் பொங்கக்கூடாதாம். பொங்கல் வைக்காத வீடு, வாசலில் வேப்பிலை, இதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? செமாபோக்கிலிருந்து உன் மாமா கரும்பு கொண்டுவந்தார். யாரோ வழியிலேயே சொல்லியிருக்கிறார்கள். கரும்பை முனை வீட்டு வேலியில் சாத்திவைத்துவிட்டு, நம் வீட்டுப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாராம். நீ பிறந்தபோது முதலில் தூக்கியது நான்தான் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறவர் அவர். நான் போய் அந்தக் கரும்பை எடுத்து வந்தேன், தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். பெயர் நடராஜன், நம்மவர்தான். பண்டிகை நாளில் வேலைக்கு இழுத்துவிட்டோம் என்ற எரிச்சல் முகத்தில் இருந்தது. அம்மை போட்ட ஆளு எங்க, எத்தன நாளா வச்சிருக்கீங்க, ஏன் சொல்லலை என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். உன் அறைக்குள் போனவர் வேப்பிலையையும் சட்டையையும் செம்பையும் பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், பின்கதவைத் திறந்து பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு ஆள எங்கய்யா அனுப்பிட்டீங்க, ஊரே அழிஞ்சு போயிடும்யா, உண்மையச் சொல்லுங்க என்றார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அவன் இங்கிலாந்தில் இருக்கிறான் ஐயா என்று சொல்லி, உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்துக்கொண்டே வந்தவர் பிராட்போர்ட் என்ற பெயரைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக் கடிதத்தை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். யார் யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள், தையல்காரர், வாத்தியார், என் மகள் என்று நான் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. காகிதத்தில் வருவது அரிது, பயப்படாதீர்கள், இருந்தாலும் எல்லோருக்கும் குத்திவிடுவோம் என்றார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்க மகனுக்குக் குத்தியிருக்குதானே?

குத்தியிருக்கிறது, கப்பலுக்கு முன்னால் போட்டது, முத்திரை போட்ட அட்டை இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்படியானால் கவலை வேண்டாம் என்று அவரும் பெட்டியைத் திறந்தார். அப்போது கதவோரம் நின்ற உன் அம்மா, இல்லீங்க என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். குத்துன எடத்துல மருந்து ஊறுறதுக்குள்ள, வெளிய வந்ததும் தொடச்சிட்டேன், மஞ்சத் தண்ணியில துணிய நனைச்சு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன், எலுமிச்சம்பழம் வச்சுத் தேச்சேன், அவன் சிரிச்சுக்கிட்டே கையக் குடுத்தான் என்றாள். பள்ளிக்கூடத்தில் போட்டதையும் அப்படித்தான் துடைத்தாளாம், கோகிலாவுக்கும் அப்படித்தானாம். எஸ்டேட்டில் அவள் தம்பிக்கு அம்மை குத்திய மறுவாரம் வேறு ஏதோ காய்ச்சலில் செத்துப்போனான், உனக்குத் தெரியும். ஆத்தாவை ஊசியால் சீண்டியதால்தான் போனான் என்று அவள் வீட்டில் அன்று சொன்னதை இன்றுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உடனே தந்தி அடிங்க, இன்னைக்கே அடிங்க என்று மட்டும் சொன்னார். அட்டையை நம்பி நான் நிம்மதியாக இருந்தேன், அட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? படித்த பிள்ளை, அவள் துடைத்தால் கையை இழுத்துக்கொள்ளக் கூடாதா? அம்மா மனசு நோகக்கூடாது என்று விட்டாயாக்கும், சரி, என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு போயிருப்பேனே. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், உன் மனம் கல்லாக இருந்திருந்தால் இன்று எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

பண்டார் ஹிலிருக்கு நான் சைக்கிள் மிதித்துப் போன வேகத்தில் பாலத்தில் ஒரு லாரிக்காரன் என்னை ஏசினான். உடனே மறுபடி அம்மை குத்திக்கொள் என்று கோகிலா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைத் தபாலாபீசில் நீட்டினேன், அங்கிருந்தவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அது போய் எட்டு நாள் ஆகிறது. கோகிலா அங்கே பனி கொட்டுகிறது, தபால் தந்தியெல்லாம் தாமதமாகும் என்கிறாள். பனி தந்திக் கம்பியை என்ன செய்யும்? அவள் எனக்காகச் சொல்கிறாள், நான் நம்புகிற மாதிரி தலையாட்டுகிறேன். நீ குடியிருக்கிற வீட்டுக்காரி அம்மாள் தந்தியை வாங்கி வைத்துவிட்டு மறந்திருக்கலாம், நீ பரீட்சையில் மூழ்கியிருக்கலாம், அந்த ஊருக்குப் போனவன் என்று உன்னைத் தனியாகக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். நான் நல்லதாக ஒன்று நினைத்தால் கெட்டதாக மூன்று தானாக வந்து நிற்கிறது.

உன் கடிதத்தை இன்ஸ்பெக்டர் எரித்துவிடச் சொன்னார். சரி என்றேன், எரிக்கவில்லை, மனப்பாடமே ஆகிவிட்டது, எரித்தால் மட்டும் போய்விடுமா? முதலில் படித்தபோது சிரித்த இடமெல்லாம் இப்போது கேள்வியாக நிற்கிறது. பஸ்ஸில் கூட்டமாக இருந்தது, ஒரு கிழவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார் என்று எழுதியிருந்தாய், அந்தக் கிழவர் யார்? மணிக்கூண்டைப் பார்க்கும்போது தொப்பி விழுந்தது, ஒருவர் எடுத்துக் கொடுத்தார், அவர் கையில் என்ன இருந்ததோ? நீ தேநீர் குடித்த கடையில் கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவினார்களா? மேட்டில் மூச்சு வாங்கியபோது ஒரு வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாய், ஏன் தம்பி, சும்மா நிற்கக்கூடாதா? கடையில் துணியை அளந்துகொண்டே நானும் உன் பின்னால் அந்தத் தெருக்களில் ஏறி இறங்குகிறேன். அதைத் தொடாதே, அங்கே நிற்காதே, அந்தப் பக்கம் திரும்பாதே என்று சொல்லிக்கொண்டே போகிறேன், நீ திரும்பிப் பார்க்காமல் அந்தப் புகைபோக்கியையே பார்த்து நடக்கிறாய். நேற்று ஒரு கிழவிக்கு நாலு கஜத்துக்குப் பதிலாக ஐந்து கஜம் வெட்டிவிட்டேன், முதலாளி கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட அந்த வீடுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பசியோடு வழி தெரியாமல் நின்ற உன்னை ஒரு பாகிஸ்தான்காரர் எந்த ஊர் தம்பி என்று விசாரித்து, வீட்டுக்குக் கூட்டிப்போய், ரொட்டியும் பருப்பும் தேநீரும் கொடுத்தார் என்று எழுதியிருந்தாய். கணப்பு ஓரமாக ஒரு சின்னக் குழந்தை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது, என் பையில் இருந்த சாக்லேட்டைக் கொடுத்தேன், போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி என் விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். முதல் நாள் இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, என் மகன் எங்கே போனாலும் அவனுக்கு ஒரு வாய்ச் சோறு போட ஆள் இருக்கிறது என்று கடையில் பெருமை அடித்தேன். இப்போது அந்தக் குழந்தை ஏன் படுத்திருந்தது என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறேன். குளிருக்குப் படுத்திருக்கலாம், சாதாரணச் சளியாக இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த ஊரில் இப்போது எல்லாப் பழியையும் அந்த மக்கள் தலையில் போடுகிறார்கள் என்று கோகிலா பேப்பரில் படித்தாள். நீ அப்படிப் பேசுகிறவர்களோடு சேராதே. பசிக்குச் சோறு போட்ட கை அது, என் பயம் என்னோடு இருக்கட்டும். உன் அம்மாவும் உனக்கு வேண்டிக்கொள்ளும்போது பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஒரு முடிச்சு மஞ்சள் துணி முடிந்து வைத்திருக்கிறாள்.

எங்களுக்கும் கடை ஆட்களுக்கும் இந்தத் தெருவுக்கும் குத்தியாகிவிட்டது. நாகம்மாதான் முதலில் கையை நீட்டினாள், ஊரைக் கிளப்பிவிட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் கோகிலாவுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா முறை வந்ததும் கையை நீட்டாமல், எனக்குக் குத்துனா அவனுக்குச் சேருமா தம்பி என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். அவர் சேராதும்மா, அவங்கவங்க கைக்கு அவங்கவங்களுக்குத்தான் என்றார். சரி குத்துங்க என்று கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடம் இப்போது நன்றாகக் கொப்புளம் கட்டி, கை வீங்கி, அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் படவிடுவதில்லை. குளிக்கும்போது கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கோகிலாவை ஊற்றச் சொல்கிறாள், தூக்கத்தில் புரண்டு படுத்துவிடக்கூடாது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். காலையில் எழுந்ததும் என் முன்னால் கையை நீட்டி, நல்லாப் பொங்கியிருக்கா பாருங்க, கலையலையே என்று கேட்கிறாள். நல்லாப் பொங்கியிருக்கு என்று சொல்லிவிட்டு நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன், என்னால் பார்க்க முடியவில்லை தம்பி. அவளிடம் நான் கோபமாகப் பேசி நாளாயிற்று. நீயும் எழுதும்போது அவளைக் கோபித்து எழுதிவிடாதே.

இன்ஸ்பெக்டர் சொன்ன கணக்குப்படி, வருவதாக இருந்தால் அது வருகிற நாட்கள் கடந்த வாரத்தோடு போய்விட்டன. அப்படியானால் உனக்கு நடக்கவேண்டியது எதுவாக இருந்தாலும் அது நடந்து முடிந்திருக்கிறது, நாங்கள்தான் இன்னும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில் நீ கல்லூரியில் தறிக்குப் பக்கத்தில் நின்று யாரோடாவது சிரித்துப் பேசிக்கொண்டும் இருக்கலாம். அப்படி இருந்தால் உன்னை நேரில் பார்க்கும்போது இரண்டு அறை கொடுப்பேன், வாங்கிக்கொள்.

மாரியம்மன் உன்னைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளட்டும், குளிரும் நோயும் உன்னை அண்டாமல், படிப்பு முடித்து நூறாண்டு வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம், கோகிலா வணக்கம் சொல்கிறாள். மறக்காமல் செய்யவேண்டியது, தந்தி கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் படித்த உடனே டாக்டரிடம் போய், வெட்கப்படாமல் அம்மா துடைத்ததைச் சொல்லி, புதிதாகக் குத்திக்கொள். உடம்பு நன்றாக இருந்தால் அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதிக் கேள், தனியாக நடந்து நேரில் போக வேண்டாம். எங்களுக்கு நீளமாக எழுத நேரமில்லை என்றால் எழுதாதே, தெம்பில்லை என்றாலும் எழுதாதே. உறையின் மேல் நம் வீட்டு விலாசத்தை மட்டும் உன் கையால் எழுதி, உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒட்டிப் போட்டுவிடு, அது போதும். வேறு யாருடைய கையெழுத்திலும் அங்கிருந்து இந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வந்துவிடக்கூடாது.

இப்படிக்கு,
உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா,
ந. நல்லையா.